அமைச்சர் வருமுன் மூடிய குழி

அக்டோபர் 6, திங்கள்

புழுக்கம். மழை இதோ அதோ என்கிறது, வரவில்லை. வியாழக்கிழமை அமைச்சர் வருகை. ஆணையர் மனுவை நான்காம் முறையாகத் திருத்தச் சொன்னார். என் பதவி நகராட்சிப் பணி மேற்பார்வையாளர். செய்வதெல்லாம் டைப்பிங்.

கேட்பது: பஸ் ஸ்டாண்டிலிருந்து மீன் மார்க்கெட் முனை வரை சாலையை அகலப்படுத்துவது. இருபுறமும் வடிகால். முனையில் விளக்கு. மன்றத்தில் தீர்மானம் போட்டாயிற்று. நிதிதான் இல்லை. சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது, ஏச்சு மட்டும் எங்களுக்கு.

எம்.எல்.ஏ. சொன்னது: "அமைச்சரை அந்த முனையில எறக்கி விட்ருறேன். கண்ணால பாத்தா நிதி ஒதுக்கிருவாரு. மத்தது ஒங்க சாமர்த்தியம்."

முனையிலுள்ள குழியால் பாதிக்கப்பட்ட மல்லிகாவைப் பேசவைக்கலாம் என்று யோசனை சொன்னது நான்.

அக்டோபர் 7, செவ்வாய்

வெயில். பைக்கில் ஆலங்குடிப் பக்கம். மல்லிகாவுக்கு முந்திரி உடைக்கும் வேலை, விரலெல்லாம் கறுத்துக் கிடக்கிறது. போன வருடம் அவர் கணவர் முனைக் குழியில் வண்டியோடு விழுந்தார். இடுப்பு போயிற்று. இன்னும் கட்டிலில்தான். மணமேல்குடி மீன் லாரிகள் வடிக்கும் தண்ணீரில் குழி வாரா வாரம் பெரிதாகிறது. மருந்து வாங்க டவுனுக்கு வரும்போதெல்லாம் மல்லிகா ஒரு வேப்பங்கொப்பை ஒடித்து அந்தக் குழியில் நட்டுவிட்டுப் போவார். இன்னொருத்தர் விழக் கூடாதாம்.

"அமைச்சர்ட்ட நான் என்ன சார் பேசுறது? நாக்கு ஒட்டிக்கிருமே."

"பேசவே வேணாம்மா. குழியைக் காட்டுங்க, போதும்."

"காரை விட்டு எறங்குவாரா?"

"எறங்குவாரு. நான் பொறுப்பு."

ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அக்டோபர் 8, புதன்

நாளைக்கு: மனு நகல் 6. போட்டோ ஆல்பம். சால்வை. பிளீச்சிங் பவுடர் கோடு, இருபுறமும். குழிகளுக்கு ஜல்லி, தார். நாய் விரட்ட ஆள். எந்தப் பெரிய மனிதர் வந்தாலும் இதே பட்டியல்தான், கை தன்னால் எழுதிவிடும்.

சாயங்காலம் மேஸ்திரி சின்னையா போன். "சார், முனையில வேப்பங்கொப்பு நட்டுருக்கு. புடுங்கிரவா?"

"புடுங்கிட்டு குழியை மூடி நல்லா இடிச்சு விடுங்க." டீ ஆறிக்கொண்டிருந்தது.

எல்லாம் டிக். நிம்மதி.

அக்டோபர் 9, வியாழன்

எழுதக் கை வரவில்லை.

அமைச்சர் இறங்கினார். முனையில் குழி இல்லை. கறுகறுவென்று தார், ஓரத்தில் வெள்ளைக் கோடு, கல்யாண வீட்டு வாசல் மாதிரி. மல்லிகா நீலப் புடவையில், இஸ்திரி போட்டது. "இங்கதாங்கய்யா..." என்று கையை நீட்டியவர் கீழே பார்த்தார். காலால் தேய்த்துப் பார்த்தார்.

"ரோடு நல்லாத்தானேம்மா இருக்கு?" என்றார் அமைச்சர். யாரோ சிரித்தார்கள். "இதைவிட மோசமான ஊரெல்லாம் கெடக்குதுங்க. அதுகளை மொதல்ல பாப்போம்." மனு உதவியாளர் கைக்குப் போனது. கார் கிளம்பியது. மொத்தம் ஐந்து நிமிடம் இருக்காது.

மல்லிகா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்வேன் என்று. ஐயா, நேத்துதான் மூடினோம். மூன்றே வார்த்தை. ஆணையர் பக்கத்தில் நின்றார், வேலை போய்விடுமோ என்று பயம். வாயைத் திறக்கவில்லை. பழைய குழியின் படங்களோடு ஆல்பம் என் கக்கத்திலேயே இருந்தது. அதையாவது நீட்டியிருக்கலாம்.

பஸ் ஏறும்போது மல்லிகா: "பொய் சொல்ல வந்தவ மாதிரி ஆயிப்போச்சே சார்."

ஆணையர் பிறகு கத்தினார். "யாருய்யா மூடச் சொன்னது?" சின்னையா தரையைப் பார்த்தார். வழக்கமா செய்றதுதான் சார் என்றேன். மூடு என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. சொன்னது நானேதான். வெட்கம்.

அக்டோபர் 11, சனி

விடிந்ததிலிருந்து மழை. சாப்பாடு இறங்கவில்லை. "மறுபடி அல்சரா?" என்றாள் மனைவி. ஆமாம் என்றேன்.

குடை ரிப்பேர். கரண்ட் பில்.

அக்டோபர் 13, திங்கள்

மழை விடவில்லை. காலையில் மல்லிகா போன். "சார், குழி தொறந்துக்கிச்சு! சட்டுனு வாங்க, போட்டோ எடுங்க!" குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

போனேன். தார் பெயர்ந்து குழி பழையபடி. மருந்துப் பையோடு நனைந்துகொண்டு நிற்கிறார். புதுக் கொப்பு ஒன்று நட்டாயிற்று. என் போன் நனையாமலிருக்க முந்தானையை விரித்துப் பிடித்தார்.

"இதை அமைச்சருக்கு அனுப்புங்க சார். மெட்ராசுக்கே வரணும்னாலும் வாரேன். எங்களுக்காக அலையிறது நீங்க ஒருத்தருதான்."

எட்டுப் படம் எடுத்தேன்.

"எந்தப் பாவி சார் அன்னிக்குன்னு பாத்து மூடுனான்?"

விசாரிக்கிறேம்மா என்றேன்.