கேப்டன் சீட்டில் ஒரு சிவப்பு அட்டை

ஷெர்லின்,

முதல் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டேன். எழுப்பினால் நேற்றைய சண்டை விட்ட இடத்திலிருந்து தொடரும் என்று பயந்து, எழுதி வைக்கிறேன்.

இட்லி மாவு பிரிட்ஜில் இருக்கிறது. ஹாலில் நான் கட்டி வைத்திருக்கும் கம்ப்யூட்டர் விமானத்தின் த்ராட்டில், அதுதான் வேகத்தைக் கூட்டும் கைப்பிடி, இடிப்பதால் கதவு பாதிதான் திறக்கும். கைப்பிடியை முழுக்க முன்னால் தள்ளிவிட்டுத் திற. பயப்படாதே, வீடு மேலே கிளம்பாது.

உன் கம்பெனியில் வேண்டாத சாமானுக்கு ஒட்டும் சிவப்பு அட்டையை என் கேப்டன் சீட்டில் ஒட்டிவிட்டாய். நிஜ விமானத்தில் பறந்த சீட்டு அது! ஆனால் அட்டை ஒட்டிவிட்டால் சாமான் போயாக வேண்டும். எங்கள் கம்பெனியிலும் அதே சட்டம்தான்; லைனில் அதை ஊருக்கெல்லாம் ஓதுகிற சூப்பர்வைசரே நான்தானே. வடக்குப்பட்டு பழைய இரும்புக் கடை தாவீது அண்ணன் காலையில் வருவார். சீட்டைக் கழற்ற ஸ்பானர் ஷூ ரேக்கில் இருக்கிறது. அவருக்கு டீ கொடு.

நேற்று மதியம் ஓ.டி. முடிந்து வந்து, "ஏங்க, இது வூடா, ஏர்போர்ட்டா?" என்று அதே சீட்டில் உட்கார்ந்து கத்தினாய். திட்டிக்கினே தூங்கிப்போனாய். நான் சத்தத்தை அணைத்துவிட்டு, பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து திரையில் கோயம்புத்தூர் வரை விமானத்தை ஓட்டினேன். சத்தமே இல்லாததால், டமாலென்று விழுந்திருந்தாலும் நீ எழுந்திருக்க மாட்டாய். ஆனாலும் மெதுவாகத்தான் இறக்கினேன்.

ஜெபா

பி.கு.: அட்டையை நான் தொடவில்லை. ஒட்டினவங்கதான் எடுக்கணும், அதுவும் சட்டம். எடுத்துவிட்டால், அண்ணனுக்கு டீ மட்டும் போதும்.