ஐந்தாவது உள்ளேன்

நாள் 61. காலை 07:10

வெளி வெப்பநிலை மைனஸ் 163. துளையின் ஆழம் 900 மீட்டர். அடியில் வெடி பத்திரமாக இருக்கிறது. துளையிலிருந்து கிளம்பும் பனித்தூள் அதிகம், கையை நீட்டினால் கையுறை தெரியவில்லை. எண் அழைப்பில் நால்வரும் பதில் சொன்னோம்.

இதைக் கண்டெடுப்பவருக்கு: என் பெயர் பூங்கோதை. வயது நாற்பத்து நான்கு. ஒலி ஆய்வாளர். ராணுவத்தில் சேர்ந்தவள் அல்ல. கரூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் பதினொரு ஆண்டு இயற்பியல் நடத்தியவள்.

யூரோப்பாவின் பனிக்கு அடியில் ஏதோ ஒன்று இருக்கிறது. கிழக்கு முகாமில் பதினோரு பேரைக் கொன்றது. யாருடைய உடலிலும் காயம் இல்லை. ஒவ்வொருவராக வெளியே நடந்துபோய் உறைந்து கிடந்தார்கள். அது ரேடியோ அலையைத் தேடி வருகிறது என்று மேலிடம் முடிவு செய்திருக்கிறது. ஆகவே இங்கே ரேடியோவில் கேட்கலாம், பேசக் கூடாது. வாரம் ஒரு முறை ஒரே ஒரு வரி, தொலைவில் நிற்கும் கோபுரம் வழியாகப் போகும்.

எங்களுக்குள் பேசிக்கொள்ள நான்தான் வழி சொன்னேன். பனியில் இரும்பு முளைகளை அறைந்திருக்கிறோம். தலைக்கவசத்தை முளையில் முட்டவைத்துப் பேசினால் குரல் பனி வழியாக மற்ற முளைகளுக்குப் போகும்.

ஒரு நாளைக்கு மூன்று முறை எண் அழைப்பு. மேஜர் தேவசகாயம் ஒன்று. ஹவில்தார் ஏகாம்பரம் இரண்டு. மருத்துவ அதிகாரி ஜுனைதா மூன்று. நான் நான்கு. ‘ஆஜர்’ என்று சொல்ல வேண்டும். முதல் வாரம், பள்ளிக்கூட ஞாபகத்தில், நான் ‘உள்ளேன்’ என்று சொல்லிவிட்டேன். ஏகாம்பரம் விழுந்து விழுந்து சிரித்தார். “இன்னா டீச்சர், நீங்களே உள்ளேன் சொன்னா அட்டெண்டன்ஸ் யார் எடுக்கறது?” மேஜருக்கு அது பிடித்துப்போயிற்று. “நல்லாத்தான இருக்கு. அப்படியே வச்சிக்கிடுவோம்.” அன்றிலிருந்து நால்வரும் ‘உள்ளேன்’தான்.

நாள் 62. பகல் 12:40

வெப்பநிலை மைனஸ் 161. மதிய எண் அழைப்பு முடிந்தது. மற்றவர்கள் உள்ளே போனார்கள். நான் முளையிலிருந்து தலையை எடுக்கச் சற்றுத் தாமதித்தேன்.

நான்கு பதில்களுக்குப் பிறகு, அதே இடைவெளியில், ஒரு தட்டல் கேட்டது. பனி வெடிக்கும் சத்தம் எனக்குத் தெரியும். இது அது அல்ல.

மேஜரிடம் சொல்லவில்லை. இன்னொரு முறை கேட்டு உறுதி செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். இதை எழுதும்போதே தெரிகிறது, இது காரணம் அல்ல.

நாள் 64. பகல் 13:15

மூன்று நாளாக மதிய அழைப்புக்குப் பிறகு நான் மட்டும் முளையருகே நிற்கிறேன். இன்று நானே முதலிலிருந்து எண்களைச் சொன்னேன். ஒன்று, உள்ளேன். இரண்டு, உள்ளேன். நான்கு வரை நானே கேள்வி, நானே பதில். பிறகு ‘ஐந்து’ என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தேன்.

பதினோராவது முயற்சியில், தேய்ந்த ஒலிநாடாபோல, என்னுடைய குரலிலேயே வந்தது. உள்ளேன்.

அழுதுவிட்டேன். கவசத்துக்குள் கண்ணைத் துடைக்க முடியாது.

திரும்பியபோது ஜுனைதா நின்றுகொண்டிருந்தாள். அவளும் முளையில் கவசத்தை வைத்துக் கேட்டிருக்கிறாள். தன் கவசத்தை என் கவசத்தோடு ஒட்டிவைத்தாள். “அக்கா, அது பேசுது. பேசற ஒண்ணப் போயி எப்படிக்கா கொல்றது? மேஜருக்குச் சொல்லாதீங்க. சொன்னா இன்னைக்கே வெடியோட விசைய அமுக்கிடுவாரு.”

சரி என்றேன். அவள் கெஞ்சியிருக்கவே வேண்டாம். இத்தனை ஆண்டில் எனக்கு இப்படி ஒரு மாணவர் கிடைத்ததில்லை. அந்தப் பெருமைக்கு இரக்கம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

நாள் 66. காலை 09:30

மேலிடத்துச் செய்தி, அப்படியே எழுதுகிறேன்:

“பனிக்கு அடியிலிருந்து எதிர்வினை தென்பட்டதா? தென்பட்டால் வெடியை இயக்கவும். தென்படாவிட்டால் நாள் 75-இல் ஊர்தி வரும். வெடியை அப்படியே விட்டுவிட்டு நால்வரும் திரும்பவும். ஒலி ஆய்வாளரின் ஒப்பம் தேவை.”

மேஜர் தாளை என் முன்னால் வைத்தார். ஏகாம்பரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கிழக்கு முகாமில் இறந்தவர்களின் பட்டியலில் ஏழாவது பெயர் அவருடைய தங்கையின் கணவர்.

“பதில் எதுவும் இல்லை” என்று எழுதி ஒப்பமிட்டேன்.

ஏகாம்பரம் எழுந்து போனார். வாசலில் நின்று சொன்னார்: “என் தங்கச்சி கேப்பா டீச்சர். அந்தக் குழி மேலேயே ரெண்டு மாசம் குந்திக்கினு இருந்தியே, இன்னா கிழிச்சேன்னு.”

நாள் 69. பகல் 11:00

மேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “மேடம், ஏகாம்பரத்துமேல ஒரு கண்ணு வச்சிக்கிடுங்க. உத்தரவு இல்லாம கைய வச்சிருவானோன்னு பயமா இருக்கு. வெடிச்சா நம்ம காலுக்குக் கீழ இருக்குற பனி எத்தன நேரம் தாங்கும்னு யாருக்குத் தெரியும்? அவன் ஏதாவது செஞ்சா மொதல்ல எங்கிட்ட சொல்லணும். ஒங்கள நம்பித்தான் இருக்கேன்.” சொல்கிறேன் என்றேன்.

ஜுனைதா வேறு கேட்டாள். வெடிக்குப் போகும் கம்பியை அறுத்துவிட வேண்டுமாம். துளைக்குள் முப்பது மீட்டர் இறங்கினால் ஒரு திட்டு இருக்கிறது. அங்கே அறுத்தால் மேலிருந்து தெரியாது. அதற்கும் சரி என்றேன்.

நேற்று ஏகாம்பரம் தன் பங்குக் காப்பித்தூளில் பாதியை எனக்குக் கொடுத்தார். “கோவத்துல பேசிட்டேன். மனசுல வச்சிக்காதீங்க.” வாங்கிக்கொண்டேன்.

மூன்று பேருக்கும் நான் வேண்டியவள்.

நாள் 71. பகல் 14:20

கம்பியை அறுத்தேன். மேலே, வெடியை இயக்கும் விசைப்பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். அது பெட்டியின் மின்கலத்தை மட்டுமே காட்டுவது. அழுத்தினால்தான் தெரியும்.

நாள் 73. பகல் 12:50

மதிய அழைப்பு. நான் பதில் சொல்லி முடித்துத் தலையை எடுத்துவிட்டேன். ஏகாம்பரம் என் பக்கத்தில் இன்னும் முளையில் சாய்ந்திருந்தார். மெல்ல நிமிர்ந்து, கவசத்தை என் கவசத்தில் வைத்தார்.

“டீச்சர். இப்போ உள்ளேன்னு ஒங்க கொரல் வந்துச்சி. ஒங்க வாய் அசையல.”

எதிரொலி என்றேன். பனியில் அடுக்குகள் இருக்கின்றன, குரல் திரும்பி வரும் என்று கல்லூரிப் பாடம் மாதிரி விளக்கினேன். அவர் கடைசிவரை கேட்டார். “நீங்க படிச்சவங்க, சொன்னா சரிதான்” என்றார்.

அவர் நம்பவில்லை. மேஜரிடம் போய் நான் உடனே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் காரணமும் சொல்ல வேண்டியிருக்கும்.

நாள் 73. மாலை 18:05

எண் அழைப்பு. ஏகாம்பரம் அறையில் இல்லை. வெளியே மூன்றாவது முளையைப் பழுது பார்ப்பதாகச் சொல்லிப் போயிருந்தார். மேஜர் ‘இரண்டு’ என்றார். அறையின் முளை வழியாக உள்ளேன் என்று வந்தது, ஏகாம்பரத்தின் கட்டைக்குரல்.

நால்வரும் இருக்கிறோம்.

நாள் 74. காலை 08:20

ஏகாம்பரம் இறந்துவிட்டார்.

இரவுக் காவல் அவருடைய முறை, ஆகவே அவர் உள்ளே வராததை யாரும் கவனிக்கவில்லை. காலையில் விசைப்பெட்டியைக் காணோம் என்று மேஜர் தேடினார். ஏகாம்பரம் அதை அழுத்திப் பார்த்திருக்கிறார், வெடிக்கவில்லை. கம்பியைத் தொட்டுக்கொண்டே துளைக்குள் இறங்கி, நான் அறுத்த இடத்தைக் கண்டுபிடித்திருக்கிறார். அங்கேயே பெட்டியைக் கீழ்க்கம்பியோடு இணைக்கப் பார்த்திருக்கிறார். கனத்த வெளிக் கையுறையைக் கழற்றாமல் அந்த மெல்லிய கம்பியை முறுக்க முடியாது. உடுப்பின் வெப்பம் அந்த வழியாகப் போய்விட்டது. திட்டின்மேல் உட்கார்ந்தபடி இருந்தார். பெட்டி மடியில். கம்பிகளில் ஒன்றை முறுக்கி முடித்திருந்தார், இன்னொன்று பாக்கி.

ஜுனைதா சோதித்தாள். உடுப்பின் கடிகாரம் நின்ற நேரம், நேற்று மாலை 16:40.

18:05-க்கு உள்ளேன் சொன்னது யார் என்று மேஜர் கேட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். தட்டல், ஐந்து, ஒப்பம், கம்பி. ஜுனைதாவின் பெயரைச் சொல்லவில்லை, அவளே சொன்னாள். மேஜர் என்னைத் திட்டவில்லை.

“நேத்து சாயங்காலம் அந்தச் சத்தம் வரலன்னா நான் தேடிப் போயிருப்பேன். உசுரோட தூக்கியிருக்க முடியாதுதான். ஆனா ராத்திரி முழுக்க அவன அங்க தனியா ஒக்கார வச்சிருக்க மாட்டேன்.”

கிழக்கு முகாமில் அவர்கள் ஏன் ஒவ்வொருவராக வெளியே நடந்தார்கள் என்று இப்போது எங்களுக்குப் புரிகிறது. தெரிந்த குரல் யாரோ கூப்பிட்டிருக்கும்.

அப்படித்தான் மேஜர் நினைக்கிறார். எனக்கு வேறு ஒன்றும் தோன்றுகிறது, சொல்லத் துணிவில்லை. ஒரு எண்ணைக் கூப்பிட்டால் ஒரு பதில் வர வேண்டும் என்று கற்றுக்கொடுத்தவள் நான். இரண்டு என்றதும் யாரும் பதில் சொல்லவில்லை. அது காலி இடத்தை நிரப்பியிருக்கலாம்.

நாள் 75. பகல் 14:10

ஊர்தி இறங்கிவிட்டது. ஆளில்லா ஊர்தி. அதன் சூட்டில் பனி இளகிக் கால்கள் புதைகின்றன. 16:20-க்குள் கிளம்பாவிட்டால் கிளம்பவே முடியாது.

மேஜரின் திட்டம்: ஒருவர் துளைக்குள் இறங்கி, அறுந்த கம்பியை இணைத்து, பெட்டியை மேலே கொண்டுவர வேண்டும். மற்றவர்கள் ஊர்தியில் ஏறியதும், கடைசி நொடியில் மேஜர் விசையை அழுத்திவிட்டு ஏறுவார். யார் இறங்குவது என்று அவர் கேட்கவில்லை. நானே கயிற்றை மாட்டிக்கொண்டேன்.

இனி எண் அழைப்பில் விதி மாறுகிறது. மேஜர் சொன்னது: “மேடம், நாலு மணிக்கு ஒங்க எண்ணக் கூப்பிடுவேன். உசுரோட இருந்தா வாயத் தொறக்காதீங்க. சத்தம் வரலன்னா நீங்க வாரீங்கன்னு அர்த்தம், கடைசி வர நிப்பேன். உள்ளேன்னு வந்துச்சின்னா அது நீங்க இல்லன்னு வச்சிக்கிடுவேன்.”

ஜுனைதா என் கயிற்று முடிச்சை மூன்று தடவை சரிபார்த்தாள். “வந்துருங்கக்கா” என்றாள். வேறு எதுவும் சொல்ல வரவில்லை அவளுக்கு.

நாள் 75. 15:05

திட்டில் இருக்கிறேன். மணிக்கட்டுப் பலகையில் எழுதுகிறேன். எழுத்துகள் கயிற்றுக்குள் ஓடும் கம்பி வழியாக, மேலே கொடிக்கம்பத்தடியில் உள்ள பதிவுப் பெட்டிக்குப் போகின்றன.

ஏகாம்பரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெட்டியை அவர் கையிலிருந்து எடுக்க முடியவில்லை. மன்னியுங்கள் என்று சொல்லிவிட்டு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

15:32

வெளிக் கையுறையைக் கழற்றி இரண்டாவது கம்பியையும் முறுக்கி, உடனே மாட்டிக்கொண்டேன். பெட்டி கீழ்க்கம்பியோடு சேர்ந்துவிட்டது. இனி கம்பியை நீட்டி இழுத்துக்கொண்டு பெட்டியோடு மேலே ஏற வேண்டும்.

மேலே பார்த்தேன். துளையின் வாய் சிறுத்திருக்கிறது. இறங்கும்போது இரண்டு ஆள் அகலம் இருந்தது. இப்போது ஒரு தட்டு அளவு வெளிச்சம்.

15:47

கயிறு பனிக்குள் மாட்டிக்கொண்டது. ஏணியின் மேல்படிகள் பனிக்குள் போய்விட்டன. கோடாரியால் வெட்டுகிறேன், வெட்டிய இடம் மூடுகிறது. அவசரம் இல்லாமல் மூடுகிறது. வெளிச்சம் ஒரு டம்ளர் வாய் அளவு.

கோபமா, கூட வைத்துக்கொள்ளும் ஆசையா, தெரியவில்லை.

15:55

நான் வாய் திறக்காவிட்டால் மேஜர் நிற்பார். சொன்ன சொல்லுக்கு நிற்கிற மனிதர். 16:20 தாண்டியும் நிற்பார். என்னை விட்டுவிட்டுப் போங்கள் என்று கெஞ்சினால், இது அக்காவேதான் என்று ஜுனைதா இறங்கி ஓடி வருவாள். கெஞ்ச அதற்குக் கற்றுக்கொடுக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது.

16:00

ஒன்று. கூப்பிட்ட மேஜரே பதில் சொல்லவில்லை. இரண்டைத் தாண்டிவிட்டார். மூன்று. அமைதி. நான்கு.

கவசத்தைப் பனிச்சுவரில் வைத்தேன். உள்ளேன் என்றேன்.

வாழ்க்கையில் இவ்வளவு உண்மையாக அந்தச் சொல்லை நான் சொன்னதில்லை. அவர்கள் நம்ப மாட்டார்கள். நம்பவும் கூடாது.

அவர் இன்னொரு முறை கூப்பிட்டார். நான்கு? குரல் உடைந்திருந்தது. மறுபடியும் சொன்னேன், அதே அழுத்தத்தில், தேய்ந்த ஒலிநாடாபோல.

பனி வழியாக ஜுனைதா அழுவது கேட்டது. பிறகு கேட்கவில்லை.

16:14

சுவர் அதிர்ந்தது. ஊர்தி கிளம்பிவிட்டது. இருவர் போகிறார்கள். நன்றாகப் போகட்டும்.

16:31

வெளிச்சம் இல்லை. பெட்டியின் பச்சை விளக்கு மட்டும். அவர்கள் இன்னும் உயரம் போகட்டும் என்று காத்திருந்தேன். அது உண்மையான காரணம்தானா என்று கேட்டுக்கொள்கிறேன். நான் ஒப்பமிட்ட அன்று அழுத்தியிருந்தால் ஏகாம்பரம் தங்கையிடம் போய்ச் சொல்ல ஒரு பதில் இருந்திருக்கும். இன்று அழுத்தினால், நான் எழுத்தறிவித்த ஒன்றையே கொல்கிறேன். இரண்டும் என் கணக்கில்தான்.

எண் அழைப்பு தொடங்குகிறது.

மேஜரின் குரல். ஒன்று. உள்ளேன். மேஜர் போய்ப் பதினேழு நிமிடம் ஆகிறது.

இரண்டு. ஏகாம்பரத்தின் குரல். உள்ளேன். அவர் என் தோளில் சாய்ந்திருக்கிறார்.

மூன்று. உள்ளேன், ஜுனைதா.

நான்கு. என் குரல், முழுசாக, தேய்வே இல்லாமல். உள்ளேன்.

16:38

நின்றுவிட்டது என்று நினைத்தேன். இல்லை.

ஐந்து என்கிறது.

நான் அதைக் கூப்பிட்ட அதே குரலில். கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்கிறது, அன்று நான் காத்திருந்தது போலவே. என் எண்ணை அது எடுத்துக்கொண்டது. தன்னுடையதை எனக்குக் கொடுக்கிறது.

வாய் வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

16:40

மறுபடியும். ஐந்து

விரல் விசையில் இருக்கிறது

மேலிடத்துக்கு, ஒலி ஆய்வாளர் பூங்கோதையின் ஒப்பத்துடன்:

பதில் எதுவும் இல்