அண்ணி சொன்ன ‘பாக்கலாம்’

என் பிரியமான அண்ணா,

கரடியூரில் காப்பி பூத்துவிட்டது. உங்கள் தோட்டத்தில் இந்த வருஷம் கூடுதலாகவே பூத்திருக்கிறது. இதை மட்டும் சொல்லிக் கடிதத்தை முடித்துவிட எனக்கு ஆசைதான். முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மனைவிக்கு நான் துரோகம் செய்துவிட்டேன்.

நம் தண்ணீர்ச் சங்கத்துக்கு நீங்கள் விதி எழுதியது நினைவிருக்கிறதா? அப்போது பள்ளியில் நான் அமெரிக்காவின் முதல் அரசமைப்பை நடத்திக்கொண்டிருந்தேன். பதின்மூன்று மாநிலங்கள் சேர்ந்தும் சேராமலும் செய்துகொண்ட ஏற்பாடு. பெரியதோ சிறியதோ, மாநிலத்துக்கு ஒரே ஓட்டு. விதியைத் திருத்த எல்லோரும் சம்மதிக்க வேண்டும். மத்தியில் இருப்பவர்கள் வரி போட முடியாது, கேட்டுத்தான் பார்க்கலாம். இதெல்லாம் பலவீனம் என்று நான் சொன்னபோது நீங்கள் சிரித்தீர்கள்.

“ஒரு ராஜாவ வெரட்டிட்டு, ஒடனே இன்னொரு ராஜாவக் கூட்டியாந்து உக்கார வெப்பாங்களா கண்ணு? நொம்ப சரியாத்தான் எழுதியிருக்காங்க.”

அதையே சங்கத்துக்கும் வைத்தீர்கள். ஏக்கர் எத்தனை இருந்தாலும் வீட்டுக்கு ஒரு ஓட்டு. குழாய் வேலைக்கு ஆள் கேட்கலாம், கட்டாயப்படுத்தக் கூடாது. ஒரு வீடு வேண்டாமென்றாலும் தீர்மானம் கிடையாது. எவ்வளவு கேலி செய்தேன் உங்களை! ஆனால் அந்த விதியை நம்பித்தான் முகம் கொடுத்துப் பேசாத குடும்பங்கள்கூடச் சேர்ந்து ஊற்றிலிருந்து குழாய் இழுத்தன. அமெரிக்காவிலும் அந்தப் பலவீனமான ஏற்பாட்டை வைத்துக்கொண்டேதான் ஒரு போரை ஜெயித்து முடித்தார்கள். வகுப்பில் இதை நான் அழுத்திச் சொன்னதே இல்லை.

நீங்கள் எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்த பிறகு கஷ்டம் ஆரம்பித்தது. குழாய் உடைந்தபோது, மேட்டில் ஊற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் மேல்வீட்டுக்காரர் ஆள் அனுப்பவில்லை. உடைப்பு அவர் வீட்டுக்குக் கீழே, அவருக்கென்ன? கீழே இருந்த நாங்கள் குடம் தூக்கினோம், அண்ணியும் தூக்கினார். இனி எதற்கும் பெரும்பான்மை போதும், அது சொன்னால் ஆள் அனுப்பியே ஆக வேண்டும் என்று விதியை மாற்ற, செயலாளரான நான்தான் கூட்டம் போட்டேன். மேல்வீட்டுக்காரரே உடனே ஒத்துக்கொண்டார். சங்கத்தில் பாதிக்கு மேல் அவருடைய பங்காளி வீடுகள் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

கூட்டத்தில் ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் சம்மதம் கேட்டேன். எல்லோரும் “சரிங்க” என்றார்கள். அண்ணி மட்டும் “பாக்கலாமுங்க” என்றார்.

நம் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தமென்று எனக்குத் தெரியாதா? பெண் கேட்டு வந்து பிடிக்காமல் போனவர்களை அப்பா அதைச் சொல்லித்தானே அனுப்புவார்? முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல நமக்கெல்லாம் கூச்சம். எல்லாம் தெரிந்தே, “அப்போ எல்லாருக்கும் சம்மதமுங்க” என்று முடித்துவிட்டேன். கை தட்டினார்கள். அண்ணி எழுந்து காப்பி ஊற்றப் போய்விட்டார்.

அமெரிக்காவிலும் இது நடந்ததுதான். எல்லோரும் சம்மதிக்க வேண்டுமென்று பழைய விதி இருக்கும்போதே, புதிய அரசமைப்புக்கு ஒன்பது மாநிலம் போதும் என்று வைத்துக்கொண்டார்கள். நல்லதுக்குத்தான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். சம்மதிக்காதவர்களை நான் என்றைக்காவது நினைத்துப் பார்த்தேனா அண்ணா?

மறுநாள் அண்ணியிடம் போனேன். “ஏன் அண்ணி, வேண்டாம்னு சொல்லியிருக்கலாமுல்ல?”

“சொன்னேனே கண்ணு. உனக்கே கேக்கலைன்னா வேற யாருக்குக் கேக்கப்போவுது?” அப்புறம் மெதுவாகச் சொன்னார்: “கடைசிக் கொழா நம்மளுது. தண்ணி கொறஞ்சா மொதல்ல எத அடைப்பாங்க? ஒத்தப் பொம்பள ஊட்டுக்கு அந்த ஒரு வார்த்தைதான் இருந்துச்சு.”

அங்கே உட்கார முடியாமல் வந்துவிட்டேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை, அந்தத் தீர்மானம் செல்லாது, நான் பொய் சொன்னேன் என்று கூட்டத்தில் சொல்லிவிடுவேன். திட்டட்டும். உடைப்பை அடைக்கப் பெரும்பான்மை போதும், யார் வீட்டுக் குழாயையும் அடைக்க எல்லோரும் சம்மதிக்க வேண்டும் என்று புதிதாக எழுதி, முதலில் அண்ணியிடம் கொண்டு போவேன். அவருக்குப் பிடிக்கவில்லையென்றால் பழைய விதியே இருக்கட்டும், எல்லோரோடும் சேர்ந்து நானும் குடம் தூக்குகிறேன். உங்கள் வீட்டுத் தண்ணீர் நிற்காது அண்ணா.

இப்படிக்கு,
உங்கள் தங்கை,
உங்கள் மனைவிக்கு இனியாவது நாத்தனாராக இருக்கப்போகும்
சாந்தி