நடந்த எச்சம்

ஜூன் 8

தலைமை ஆசிரியை வழியிலேயே பிடித்துக்கொண்டார். வாரம் ஒரு நாள் மூன்றாம் வகுப்புக்கு இயற்கையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டுமாம். பால்கனியில் தொட்டி வைத்திருப்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். யாரோ என்ன, நான்தான். போன வாரம், அவரிடமே.

ஜூன் 10

எலுமிச்சைச் செடியைத்தான் கொண்டுபோகப்போகிறேன். நாலு வருஷம் கழித்து ஒரே ஒரு காய், கோலிக்குண்டு அளவில். இவருடைய கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் முதல் காய் உனக்கு என்று சாமியிடம் வேண்டியிருந்தேன். கண் தெளிந்துவிட்டது. என் பக்கம்தான் பாக்கி.

இலையெல்லாம் குருவி எச்சம். ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். அழுக்குச் செடியோடு போய் நின்றால் பிள்ளைகள் என்ன நினைக்கும்?

ஜூன் 11

மானம் போயிற்று.

எல்லா உயிரிலும் கடவுள் இருக்கிறார், ஒன்றையும் நசுக்கக் கூடாது என்று ஆரம்பித்தேன். செடியை எவ்வளவு சுத்தமாகத் துடைத்திருக்கிறேன் என்றும் பீற்றிக்கொண்டேன். முன்பல் விழுந்த ஒரு பெண் செடிக்குள் தலையை விட்டு, "ஆன்ட்டி, எச்சம் நடக்குது" என்றாள்.

சிரித்தேன். பிறகு பார்த்தேன். நடந்தது.

வகுப்பு ஆசிரியை புத்தகத்தை எடுத்துக் காட்டினார். வண்ணத்துப்பூச்சிப் புழுவாம், சின்னதாக இருக்கும்போது பறவை தின்றுவிடாமல் எச்சம் மாதிரி வேஷம் போடுமாம். பறவையை ஏமாற்றட்டும். என்னையுமா?

"அப்போ நேத்து நீங்க தொடச்சதெல்லாம் யாரு, ஆன்ட்டி?"

மணி அடித்தது. கடவுள் இருக்கிறார்.

செடியைத் திருப்பித் தரவில்லை, அது புழுவின் வீடாம். இவரிடம் சொல்லியிருக்கவே கூடாது. "ஊருக்குத்தான் உபதேசம்" என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஜூன் 15

புழு பச்சையாகிக் கொழுத்துவிட்டது. பாதி இலை இல்லை. மீதியும் போனால் காய் நிற்குமா? சாமி, இது என்ன நியாயம்?

ஜூன் 17

பள்ளி தொடங்குமுன் ஒரு டப்பாவோடு போனேன். கொல்ல இல்லை — வேலியோரம் விட்டுவிடலாமென்று. அங்கே அது எதைத் தின்னும்? அதை யோசிக்காமல் இருக்கத்தானே வேகமாக நடந்தேன்.

தொட்டியில் ஓர் அட்டை: 'யாரும் தொடைக்கக் கூடாது. ஆன்ட்டியும்தான்.' பக்கத்தில் முன்பல் இல்லாதவள்.

"டப்பா எதுக்கு, ஆன்ட்டி?"

"சாப்பாடு."

"காலியா இருக்கே."

பொய் சொல்லக்கூட வரவில்லை எனக்கு. வேண்டுதலைச் சொல்லிவிட்டேன். அவள் அட்டையை நேராக நிறுத்தினாள்.

"சாமிக்குக் கடையில வாங்கித் தரலாம். புழுவுக்கு எந்தக் கடையில வாங்குறது?"

டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூன் 22

புழு கூடு கட்டிவிட்டது. காய் உதிர்ந்துவிட்டது.

சுருங்கின காயைச் சாமி முன்னால் வைத்தேன். கடையில் வாங்க மனசு வரவில்லை. 'நீ படைத்த வயிறுதான் தின்றது. கணக்கை உங்களுக்குள்ளேயே தீர்த்துக்கொள்ளுங்கள்' என்றேன். இப்படியா கும்பிடுவார்கள்?

ஜூலை 3

வந்துவிட்டது — கறுப்பு, அதில் மஞ்சள் மஞ்சளாகப் புள்ளி. தொட்டியைத் தூக்கிவர இவரும் வந்திருந்தார். முன்பல் இல்லாதவள் ஜன்னலைத் திறந்தாள். அது எதிர் மாடி தாண்டிப் போன பிறகும் இவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எனக்கு இன்னும் தெரியுதும்மா" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காய் போனதையே எண்ணிக்கொண்டிருந்தேன், இவருக்குக் கண் கிடைத்ததை ஒருநாளும் நின்று பார்க்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 19

செடி துளிர்த்திருக்கிறது. காலையில் புது இலையில் ஒரு வெள்ளைத் திட்டு. கையில் ஈரத்துணி. நின்றேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

"அங்க என்ன பண்ற?" என்று இவர் குரல் கொடுத்தார்.

"நடக்குதான்னு பாக்கறேன்."

நடக்கவில்லை. நிஜமாகவே குருவி எச்சம்தான்.

துடைக்கவில்லை. நாளைக்கும் ஒருதரம் பார்த்துவிடலாம்.