நேற்று விட்ட வீடு

உன் மனைவி உன் நோட்டுப் புத்தகத்தை எனக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். புகைபோட்ட ரப்பர் ஷீட்டின் வாடை இன்னும் அதில் உண்டு. மூன்றாம் பக்கத்தில் உன் கோணல் எழுத்தில் அந்த வரி: ‘நேத்து விட்ட வீடு இன்னைக்கு முதல் வீடாக்கும்.’ அதற்கு மேல் படிக்க முடியாமல் மூடிவிட்டேன்.

கேரளத்துக் குன்னத்துகாலில், படுக்கையில் கிடப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் பாலியேட்டிவ் குழுவுக்கு நாம் சும்மா எழுதிக் கொடுத்த மென்பொருளுக்கானது அது. ஒரு ஜீப், ஒரு நர்ஸ். எந்த வீட்டுக்கு முதலில் போவது என்று தினமும் காலையில் வரிசை போட்டுத் தரும். பக்கத்து வீடுகள் முதலில், தூரத்து வீடுகள் பிறகு. அது என் வேலை. இருட்டிவிட்டதால் போக முடியாத வீட்டை மறுநாள் முதலில் வைக்கும் விதி நீ எழுதியது.

பிறகு நான் வேலை பார்த்த கம்பெனியில் பார்சல் வண்டிகளுக்கும் அப்படி ஒரு வரிசை வேண்டியிருந்தது. நோயாளிப் பதிவேடு, நர்ஸின் ஃபோன், அதில் தெரியும் மலையாளத் திரை எல்லாவற்றிலிருந்தும் வரிசை போடும் பகுதியைத் தனியே பிரித்தெடுத்தேன். எங்கே வேண்டுமானாலும் பொருத்திக்கொள்ளலாம் என்று எனக்கு ஒரே பெருமை. உன் விதி பதிவேட்டோடு பின்னிக் கிடந்தது. இது குழுவின் சொந்தச் சமாச்சாரம், பொதுப் பகுதிக்கு எதற்கு என்று வெட்டிவிட்டேன். இரண்டு இடத்திலும் ஒன்றே ஓடட்டும் என்று, பிரித்ததைக் குழுவின் மென்பொருளிலும் பொருத்தினேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் நீயே படுக்கையில் விழுந்தாய். ரப்பர் தோட்டத்துக்கு அப்பால், எல்லையை ஒட்டிய உன் வீடுதான் பட்டியலில் கடைசி. இருட்டிவிட்டது, ஜீப் வரவில்லை. மறுநாளும் கடைசி, அதற்கு மறுநாளும். நான்கு நாள் உன் படுக்கைப் புண்ணுக்குக் கட்டு மாற்ற ஆளில்லை. ஐந்தாம் நாள் நீ என்னைக் கூப்பிட்டாய். குரலில் கோபம்கூட இல்லை.

“மக்கா, நான் எழுதினத நீ வெட்டினியா?”

“இல்ல மக்கா, மழையாக்கும். ஜீப் ஏறமாட்டேங்குது.”

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். ஃபோனை வைத்த கையோடு உன் விதியைத் திரும்பச் சேர்த்தேன். மறுநாள் அதே மழையில் நர்ஸ் முதலில் உன் வீட்டுக்கு வந்தாள். சாயங்காலம் நான் பார்க்க வந்தபோது, “இன்னைக்கு முதல் வீடு நானாக்கும்” என்று சிரித்தாய். உனக்குத் தெரிந்துவிட்டது. அதன்பிறகு இரண்டு மாதம் இருந்தாய், ஒரு நாளும் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில்கூட எல்லாரோடும் சேர்ந்து மழையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

இப்போது உன் விதி பொதுப் பகுதிக்குள்ளேயே இருக்கிறது. யார் எங்கே பொருத்தினாலும் கூடவே போகும். பார்சலுக்கு இது எதற்கு என்று கம்பெனியில் புதிதாக வருகிறவர்கள் கேட்கிறார்கள். ஏதோ சொல்லி மழுப்புகிறேன். நீ கேட்டதற்குத்தான் இன்னும் பதில் சொல்லவில்லை.

மழை இல்லை மக்கா. நான்தான் வெட்டினேன்.