கழுவிவிட்ட தொட்டி

ஜூன் 10, செவ்வாய்

காற்று. கண்ணெல்லாம் மண். மூன்று நாள் திருநெல்வேலியில் விடைத்தாள் திருத்திவிட்டு இன்றுதான் கல்லூரிக்கு.

ஆய்வகத்தில் என் கடல்மீன் தொட்டி பளபளவென்று. கற்கள் வெள்ளை வெளேர். தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பே இல்லை. போர்வெல் தண்ணீர். உள்ளே இரண்டு தங்கமீன்!

என் மூன்று மீன்கள்? உவரியில் கடல் உள்வாங்கும்போது பாறைக் குழிகளில் தேடிப் பிடித்தவை. விரல் நீளம். கல்லில் படர்ந்த பாசியைச் சீப்பு மாதிரி பல்லால் சுரண்டித் தின்னும். அந்தப் பாசியை வளர்க்கவே ஐந்து மாதம்.

கோமதி அக்கா மேல் பாய்ந்தேன். ஆய்வக உதவியாளர், ஒப்பந்த வேலை. மாணவிகள் முன்னால் கத்தித் தீர்த்தேன். அக்கா மேசைக்கடியிலிருந்து ஒரு வாளியை இழுத்தாள்.

“ஹெச்.ஓ.டி. சார்தான் தேய்க்கச் சொன்னாவ டீச்சர். காலேஜப் பாக்க கமிட்டி வருதாம், பாசி அசிங்கமா இருக்காம். போர் தண்ணி ஊத்துனதும் ரெண்டு செத்துட்டு. இது வெளிய குதிச்சிட்டு. பழைய தண்ணி ஒரு வாளி வச்சிருந்தேன். ஒரு பச்சக் கல்லும் போட்டு அதுல விட்டிருக்கேன்.”

வாளிக்குள் ஒன்று. உயிரோடு.

ஜூன் 11, புதன்

கமிட்டி. சால்வை, முந்திரி, பில்டர் காபி. ஹெச்.ஓ.டி. தொட்டியைக் காட்டி, “பாறைக்குழி மீன் ஆராய்ச்சி நடக்குது சார்.”

“அது தங்கமீன் சார்” என்றேன். வாயில் தானாக வந்துவிட்டது.

கமிட்டியில் ஒருவர் சிரித்தார். ஹெச்.ஓ.டி. சிரிக்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

கேஸ் சிலிண்டருக்குப் பதிய வேண்டும். மறந்தேன்.

ஹெச்.ஓ.டி. கூப்பிட்டார். “அந்தம்மா தானாவே தொட்டியக் கழுவிட்டான்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. உங்களுக்கும் பிரச்சன இல்ல, எனக்கும் இல்ல.”

“அக்காவுக்கு?”

“வேற ஆள் போட்டுக்கிடலாம் மேடம்.”

எவ்வளவு சாதாரணமாக! பேனாவைக்கூட நீட்டினார். எழுந்து வந்துவிட்டேன்.

ஜூன் 14, சனி

வாளியில் போட்ட கல்லில் பாசி தீரப்போகிறது. இனி இங்கே வைத்திருந்தால் இதுவும் சாகும்.

நாளைக்கு: மூடி வாளி, பேட்டரி பம்ப், ஈரத்துணி, எலுமிச்சை சாதம். அக்காவும் வருகிறாள்.

ஜூன் 15, ஞாயிறு

மூன்று பஸ். வாளி மடியிலேயே. கண்டக்டர், “என்ன மீனு? கொழம்புக்கு ஆவுமா?” முறைத்தேன்.

உவரியில் கடல் உள்வாங்கியிருந்தது. பச்சை பிடித்த ஒரு குழியில் விட்டோம். கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு பாறையில் வாயை வைத்து ஒரு சுரண்டல். இன்னொன்று. அக்கா கைதட்டினாள்.

சாப்பிடும்போது மன்னிப்புக் கேட்டேன்.

“ஏசுனது எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால. மன்னிப்பு மட்டும் இங்கன, தனியாவா டீச்சர்?”

சாதத்தை மூடி வைத்தேன்.

ஜூன் 16, திங்கள்

முதல் வகுப்பில் அக்காவைக் கூப்பிட்டு, மாணவிகள் முன்னால் மன்னிப்பு. “போதும் டீச்சர், பாடத்த நடத்துங்க” என்றாள்.

பிறகு கடிதம், கல்லூரி முதல்வரிடமே. யார் சொன்னது, யார் செய்தது, எத்தனை செத்தது. நாலு வரி.

ஜூன் 17, செவ்வாய்

அக்காவுக்கு வேலை போகவில்லை. மைதானம் பெருக்கப் போட்டிருக்கிறார்கள். என்னிடமிருந்து ஆய்வகச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். ஹெச்.ஓ.டி.க்கு ஒன்றுமில்லை.

“வெளிய நல்லா காத்து வருது டீச்சர்” என்கிறாள், விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை.