ஒத்தைப் பழம்

ஏங்க,

உங்க இருமல் நின்னுச்சா? பாப்பா ஒழுங்கா சாப்பிடுறாளா? எனக்கு ஒரு குறையும் இல்ல.

என்னைக் கடையில பழப் பிரிவுக்கு மாத்தியிருந்தாங்க. இங்க வர்றவங்க வாழைச் சீப்புல வேணுங்கிறதைப் பிச்சுக்கிட்டு, மிச்சத்தை அம்போன்னு விட்டுட்டுப் போறாங்க. ஒத்தையாக் கிடக்கிற பழத்தை ஒருத்தரும் தொடுறதில்ல. இத்தனைக்கும் தோள்ல "பூமியைக் காப்போம்"னு எழுதின துணிப்பை. சாயங்காலம் அந்த நல்ல பழத்தையெல்லாம் குப்பையில கொட்டி, யாரும் எடுத்துத் தின்னுடக் கூடாதுன்னு மேல ஃபினாயில் ஊத்தணும். அதுதான் என் வேலை.

நேத்து ஊத்த மாட்டேன்னுட்டேன். மேனேஜர் கத்து கத்துன்னு கத்திட்டு, என்னைக் கக்கூஸ் கழுவ மாத்திட்டாரு. கவலைப்படாதீங்க, இது அதைவிடச் சுத்தமான வேலை.

இனிமே வேலை முடிஞ்சு ரூமுக்குக் கிளம்பும்போது ஒத்தைப் பழமாப் பொறுக்கி வாங்கிட்டுப் போகலாம்னு இருக்கேன். அதுக்கு ஒரு பை வேணும். இங்க விக்கிற அந்த எழுத்துப் பை எனக்கு வேண்டாம். உங்க பழைய நீலச் சட்டையில ஒண்ணு தைச்சு அனுப்புங்க. ஒரு நாள் போட்டுக் கழட்டிட்டு, துவைக்காமலே தைக்கக் கொடுங்க. தையல்காரர் மூக்கைப் பொத்தினா பொத்திக்கட்டும்.

பஸ் வந்துடுச்சு. துவைச்சுடாதீங்க.